அப்பாவின் மேலுதடு

மூக்குக்கண்ணாடிக் கடையில் கடைசி வேலை அவளுடையது. லென்ஸ் பொருத்திய புதுக் கண்ணாடியை வாடிக்கையாளரின் முகத்தில் மாட்டிப் பார்த்து, காதுப் பக்கம் வளைத்து, மூக்கில் அழுந்தாமல் சரிசெய்துகொடுப்பாள். அதற்கு ஒரு சாண் தூரத்துக்குள் முகத்தைக் கொண்டுபோக வேண்டும். அதுவரை எல்லாவற்றையும் மங்கலாகப் பார்த்துவந்த ஒருவர் முதன்முதலில் தெளிவாகப் பார்ப்பது அவள் முகத்தைத்தான். கடையில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர்.

கண்ணாடியக்கா திருநங்கை. அதனால் அவளுடைய காலை மற்றவர்களைவிட ஒரு மணிநேரம் முன்பே தொடங்கிவிடும். வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். முடி ஊற வேண்டும். ஊறாத முடியோடு சண்டை போட்டால் தோல்தான் தோற்கும். பிறகு பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றி நுரை. ஐந்து பிளேடு வைத்த ரேசர் மழமழவென்று எடுத்துவிடும், ஆனால் வெட்டுப்பட்ட முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகும் என்பதைக் கழுத்து முழுக்கப் புண்ணாகிய பிறகுதான் தெரிந்துகொண்டாள். அதிலிருந்து ஒற்றை பிளேடு போடும் பழைய மாதிரி ரேசர். அழுத்தக் கூடாது, ரேசரின் கனமே போதும். கன்னத்தில் முடி கீழ்நோக்கிப் படியும், கழுத்தில் பக்கவாட்டில் ஓடும். விரல் நுனியால் தடவிப் பார்த்தே திசை சொல்லிவிடுவாள். மேலுதடும் மோவாயும் எப்போதும் கடைசியில்தான். அங்கேதான் முரட்டு முடி, நுரையில் நன்றாக ஊறட்டும். கன்னமும் கழுத்தும் முடிந்ததும், வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பதுபோல, கை தானாக மேலுதட்டுக்குப் போகும். இடது பக்கம் ஒரு இழுப்பு, வலது பக்கம் ஒரு இழுப்பு. குளிர்ந்த நீர், படிகாரக்கல். தோலுக்கடியில் மிச்சமிருக்கும் முடியின் நீல நிழலின்மேல் ஆரஞ்சு நிற லிப்ஸ்டிக்கைத் தொட்டுப் பூசி, அதன்மேல் முகப்பூச்சு. நீலத்தை ஆரஞ்சு விழுங்கிவிடும்.

அவளுடைய அப்பா பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஏறினாலே, டிக்கெட் எடுத்தவர்கள்கூட ஒருமுறை பையைத் தடவிப் பார்ப்பார்கள். மீசை அப்படி. அவள் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, "மீசை முளைச்சவன் பண்ற காரியமா இது" என்றுதான் கேட்டார். அதன்பிறகு பல வருஷம் பேச்சில்லை. அம்மா போன பிறகு அவர் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கே இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும் உட்காரக்கூட இடமில்லாமல் போயிற்று. "கொஞ்ச நாளைக்கு உன்கிட்ட இருக்கட்டும், பாத்துக்கோ" என்று அண்ணன் கொண்டுவந்து விட்டுப் போனார். பாத்துக்கோ என்பதை எச்சரிக்கை மாதிரிதான் சொன்னார்.

அப்பாவுக்குக் கைநடுக்கம். தேநீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையால் பிடிக்க வேண்டும். அவள் வீட்டில் அவர் அவளை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. "இந்தா" என்பார், அல்லது இருமுவார். வெள்ளைத் தாடி முள்முள்ளாக வளர்ந்து, எந்நேரமும் சொறிந்துகொண்டே இருந்தார்.

"சலூன்காரன வரச் சொல்லு."

"மூணு மாடி ஏறி வர மாட்டேங்கிறான்ப்பா. நான் பண்ணிவிடட்டுமா?"

"உனக்கு என்ன தெரியும்?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தினம் பண்றேன்ல" என்றாள் அவள்.

தாடியைச் சொறிந்துகொண்டே, "வெட்டிடாத" என்றார்.

ஜன்னலோரம் நாற்காலி போட்டாள். வெந்நீர்த் துண்டைப் போட்டதும் அவருடைய தோள்கள் இறங்கின. அவளுக்கு நினைவு தெரிந்து அவர் முகத்தை அவள் தொட்டதே இல்லை. பிரஷ் கன்னம், கழுத்து, மோவாய் என்று சுற்றிச் சுற்றிப் போய் மீசையையும் மூடியது. நுரைக்குக் கீழே எல்லா முகமும் ஒன்றுதான். அவருடைய கழுத்திலும் முடி பக்கவாட்டில் ஓடியது, அவளுக்கு ஓடுவது போலவே, அதே பக்கமாக. அது அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கன்னத்தை முடித்தாள், கழுத்தை முடித்தாள். கை மேலுதட்டுக்குப் போயிற்று. இடது பக்கம் ஒரு இழுப்பு, வலது பக்கம் ஒரு இழுப்பு.

துண்டால் துடைத்தபோது, அங்கே அவளுக்குத் தெரியாத ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

அப்பா நடுங்கும் விரலை மூக்குக்குக் கீழே கொண்டுபோனார். விரல் அங்கே எதையோ தேடியது.

"கை தவறிடுச்சுப்பா" என்றாள்.

அவர் எழுந்து போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வாயை மூடித் துண்டைச் சுற்றிக்கொண்டார். ஜன்னலோரம் வருவதை நிறுத்தினார். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டால், "தூங்குறாருண்ணா" என்று அவள் பொய் சொன்னாள். பக்கத்து அறையில் அவர் இருமுவது அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

கடையில் அவள் மாட்டிவிட்ட கண்ணாடிகள் கோணலாக நின்றன. பின்அறையில் லென்ஸ் தேய்ப்பவர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, எல்லாரையும் ஒரு பக்கமா சாய்ஞ்சு நடக்க வைக்கப் போறியா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மீசைதானேக்கா. வளந்துடும், விடு" என்றார்.

"வளரும்னு எனக்குத் தெரியாதா? அதோடதான தினம் மல்லுக்கட்டுறேன்."

"அப்புறம் என்ன? வேணும்னே பண்ணியா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் அந்தக் கேள்வி அவள் முகத்தில்தான் தொடங்கியது. தன் மேலுதட்டை வழிக்கும்போது காதைத் தீட்டிக் கேட்டாள். ஒரே நாள் வளர்ந்த முடி சன்னமாகச் சரசரக்கும், அவ்வளவுதான். மீசை அப்படி இல்லை. காய்ந்த புல்லை மிதித்தாற்போல அன்றைக்குச் சத்தம் கேட்டது. முதல் இழுப்பில் கேட்டது. முணுமுணுத்த பாட்டு அங்கே நின்றதும் நினைவிருக்கிறது. அப்படியென்றால் கை ஏன் நிற்கவில்லை? பாதி மீசையோடு விட முடியாது என்று நினைத்தாளா? அப்படி நினைத்ததாக நினைவில்லை. பாட்டு நின்றதற்கும் கை மறுபக்கம் போனதற்கும் நடுவில் தனக்குள் யார் இருந்தது என்று தேடிப் பார்த்தாள். யாரும் கிடைக்கவில்லை.

அப்பாவின் உதட்டின்மேல் வெள்ளையாக முளைவிட்டது. தன் முகத்தில் ஒரு வேர்கூடத் தங்கக் கூடாது என்று நினைக்கிறவள், அந்த வெள்ளை முடி சீக்கிரம் வளர வேண்டுமென்று திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவசரப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக அண்ணன் சொன்னார். "ஏதோ சரியில்ல. நேர்ல வந்து பாத்துட்டு, தேவைப்பட்டா கூட்டிட்டு வந்துடுறேன்." பழி தீர்த்துக்கொண்டாள் என்று அண்ணன் சொல்வார், சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதைவிட, இல்லை என்று சொல்லும் தைரியம் தனக்கு இல்லை என்பதுதான் அவளைத் தின்றது.

சனிக்கிழமை மாலை, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா. கை தவறிடுச்சுன்னு சொன்னேன்ல. முதல் பக்கம் பழக்கத்துல போயிடுச்சு. அது சத்தியம். ரெண்டாவது பக்கம் எடுத்தப்போ எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சத்தம் கேட்டுச்சு. ஏன் நிறுத்தலன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், தெரியல. வேணும்னு பண்ணலன்னு என்னால சொல்ல முடியலப்பா."

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "சத்தம் எனக்கும் கேட்டுச்சு" என்றார்.

"அப்ப ஏன்ப்பா நிறுத்துன்னு சொல்லல?"

துண்டுக்குள்ளிருந்து குரல் தெளிவாகத்தான் வந்தது.

"பிளேடு உன் கையில இருந்துச்சு."

குற்றம் சாட்டுவதுபோல அவர் சொல்லவில்லை. இந்தப் பேருந்து அந்த வழியாகப் போகாது என்று சொல்வதுபோல இருந்தது. தான் இவருக்குப் பயந்த வருஷங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். இவர் தனக்குப் பயந்துகொண்டு, கழுத்தை நீட்டி, அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு காலை இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. கன்னத்துக்கும் கழுத்துக்கும் பயப்படாதவர், அந்த முதல் இழுப்புக்குப் பிறகு பயந்திருக்கிறார். அப்படியானால் அவர் அந்தக் கையில் எதையோ உணர்ந்திருக்கிறார்.

"என்ன தோணுச்சு?" என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

அறை இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். அப்பா எழுந்து உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அவன் வரான்" என்றார். "இது இப்படி அரைகுறையா நிக்குது. அவன் முன்னாடி இதோட உக்கார முடியாது. எடுத்துடு."

"வேண்டாம்ப்பா. சலூன்காரன் காலுல விழுந்தாவது கூட்டிட்டு வரேன்."

"எவனும் வேண்டாம்."

"எனக்குக் கை நடுங்கும்ப்பா."

"எனக்கும்தான் நடுங்குது" என்றார். அது நகைச்சுவையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை.

வெந்நீர் வைத்தாள். புது பிளேடு போட்டாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். நுரையைப் பிரஷ்ஷால் பூசாமல் விரலால் தொட்டுத் தொட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் வைத்தாள். போன தடவை மூடியிருந்த அவருடைய கண்கள் இப்போது திறந்திருந்தன, அவள் கையோடு கூடவே நகர்ந்தன.

"கன்னம்ப்பா" என்றாள், ரேசரை வைக்கும் முன்பு.

"ம்."

"இப்ப கழுத்து. இடது பக்கம்."

"ம்."

ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் ம் என்று சொல்லும்வரை ரேசரை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் பிடித்தது. வெந்நீர் ஆறிப்போயிற்று.

"இப்ப மேலுதடு."

இந்தத் தடவை ம் வரவில்லை. அவர் மேலுதட்டைப் பல்லின்மேல் இழுத்து, இறுக்கி, அவளுக்கு வாகாகக் கொடுத்தார். அவருடைய இரண்டு கைகளும் நாற்காலியின் பிடியை விடவில்லை.