சுண்ணாம்பு தடவிய அட்டைகள்

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பெப்டைடு என்ற புரதத் துணுக்கு இருக்கிறது. அதிலிருந்து இதய நோய்க்கு மருந்து எடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அட்டைக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது, காரைக்கால் பக்கம் எங்கள் ஊரில் வேண்டிய மட்டும் கிடைக்கும் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு வாரத்துக்குள் உயிரோடு கொண்டுவந்தால் என் வேலையை நீட்டிப்பதாகப் பேராசிரியர் சொன்னார்.

எங்கள் ஊரான கோட்டுச்சேரியில் அப்போது சம்பா நடவு. விவசாயக் குடும்பத்துப் பெண்தான் நான், ஆனால் சேற்றில் கால் வைத்ததில்லை. அட்டை என்றால் குலை நடுக்கம் வேறு. வரப்பில் நின்றபடியே நடவுப் பெண்களிடம் ஒரு பானையைக் கொடுத்து, காலில் ஏறும் அட்டைகளை அதில் போடச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்பு.

சாயங்காலம் பானையைத் திறந்தால் ஒன்றுகூட அசையவில்லை.

“ஒன்னைக் கடிச்சிரப்போவுதுன்னு ஒவ்வொண்ணுக்கும் சுண்ணாம்பு தடவித்தான் போட்டோம், தங்கச்சி” என்றார் அவர்களில் ஒருவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். என்மேல் இருந்த அக்கறையில் வெற்றிலைப் பையின் சுண்ணாம்பு முழுவதையும் தீர்த்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து எச்சில், மருந்து, என் வேலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“இதை மொதல்லயே சொல்லப்படாதா? வயல் அட்டை கடிச்சா கஞ்சி குடிக்கிறதுக்குள்ள ரத்தம் நின்னுடும். வாய்க்கா எருமை அட்டை கடிச்சா வீட்டுக்குப் போயி ஒல வச்சாலும் கசியும். ஒனக்கு எது வேணும்?”

இரண்டு வருடமாகப் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை.

மறுநாள் காலை, நடவுக்கு முன்பே அவர்கள் வாய்க்காலில் இறங்கி நின்றார்கள். காலில் ஒட்டியதைக் கடிக்கும் முன்பே லாவகமாக எடுத்தார்கள். “நீயும் எறங்கு. புதுக் காலு, நல்லா வரும்” என்று கேலி வேறு. இறங்கினேன். எனக்கு லாவகம் போதவில்லை. கெண்டைக்காலில் ஒன்று கடித்தே விட்டது. கட்டுப்போடாமல் கடிகாரமும் கையுமாக இருந்தேன். வீட்டில் மதியத்துக்கு உலை கொதித்தது. ரத்தம் கசிந்துகொண்டுதான் இருந்தது.

இந்த முறை சுண்ணாம்பு படாமல் பிடித்துத் தந்த வயல் அட்டைக்கு ஒரு பானை, வாய்க்கால் அட்டைக்கு ஒரு பானை என்று இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு மாயவரத்தில் ரயிலேறினேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆய்வுக்கூடத்திலும் வாய்க்கால் அட்டையே ஜெயித்தது. தனித்தனியாகப் பிரிக்க எப்படித் தோன்றியது என்று பேராசிரியர் வியந்து கேட்டபோது, நடவுப் பெண்கள் சொன்னார்கள் என்று எல்லோர் முன்பும் சொன்னேன். வேலையும் நிலைத்தது.

இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்பு இப்போதும் எப்போதாவது மனதுக்குள் எட்டிப்பார்க்கும். உடனே கை தானாகக் கெண்டைக்காலில் இருக்கும் அந்தச் சின்னத் தழும்பைத் தேடிப் போய்விடுகிறது.