ஓர்லீனா தன் பாதைக்குப் போட்ட விலை

ஓர்லீனா ஸ்டிடம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மேசை நாற்காலிகள்கூடக் கொஞ்சம் நடுங்கும் என்று அமெரிக்காவின் அந்தக் கென்டக்கி மலையோரத்தில் கேலி பேசுவார்கள். செத்தவர்களின் வீட்டுச் சாமான்களுக்கு விலை மதிப்பது அவள் தொழில். ஏலத்துக்கு முந்தின நாள் வந்து எல்லாவற்றையும் குடைவாள். அடுப்படியில் தொங்கும் வாணலியைக்கூட யார் வாங்கியது, எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வாள். மறுநாள் ஏலம் அவள் சொன்ன விலையை ஒட்டியே நிற்கும். முப்பத்தோரு வருடமாக இப்படித்தான்.

அப்பேர்ப்பட்டவள் ஒன்றுக்கு மட்டும் விலை சொல்லத் தெரியாமல் திணறினாள். குன்றின் மேலுள்ள குடும்பக் கல்லறைக்குப் போகும் பாதை அது. கணவன் ஹார்லிஸை அங்கேதான் அடக்கம் செய்திருந்தாள். பக்கத்து மாநிலமான ஒஹாயோவைச் சேர்ந்த மரக் கம்பெனி ஒன்று சுற்றியிருந்த காட்டை வாங்கி, பாதையின் குறுக்கே இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டது. மே மாதக் கடைசியில், செத்தவர்களை நினைத்துக் கூடி உண்ணும் நாளன்று, ஊரே பூவும் பொரித்த கோழியுமாகக் கல்லறைகளுக்கு ஏறியபோது, ஓர்லீனா கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பினாள். அவமானமாக இருந்தது. ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். பணம் எதுவும் கேட்கவில்லை, கதவைத் திறந்தால் போதும் என்றாள்.

கம்பெனியோ வழக்கை இரண்டு மணி நேரத் தூரத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு தரப்பும் வேறு வேறு மாநிலமாக இருந்து, வழக்கின் மதிப்பும் எழுபத்தைந்தாயிரம் டாலரைத் தாண்டினால் அப்படிச் செய்யலாமாம். பாதை அதற்கு மேலேயே பெறும் என்றது கம்பெனி.

ஓர்லீனா தன் வக்கீல் டுவெய்ன் ஃபுகேட்டைக் கேள்வி கேட்டே துளைத்தெடுத்துவிட்டாள். ஏன் எழுபத்தைந்தாயிரம்? யார் வைத்த கணக்கு? சரியாக எழுபத்தைந்தாயிரமாக இருந்தால் என்ன ஆகும்? போதாது, அதற்கு மேல் ஒரு காசாவது வேண்டும் என்றார் டுவெய்ன். ஏலத்தில் ஜெயிப்பதும் அப்படித்தான் என்று அவளுக்கு ஒரு திருப்தி. இந்த ஏற்பாடே எதற்கு என்று அடுத்துக் கேட்டாள்.

"வெளி மாநிலத்தானுக்கு உள்ளூர்க்காரங்க ஓரவஞ்சனை பண்ணிடக் கூடாதுன்னுதான், ஓர்லீனாம்மா."

"பண்ணத்தானே செய்வோம்," என்றாள் அவள்.

அதற்காகவே அவளுக்கு ஊர் நீதிமன்றம் வேண்டியிருந்தது. அங்கே தீர்ப்புச் சொல்ல ஜூரியில் உட்காருகிற ஊர்க்காரர்கள் மே மாதத்தில் தாங்களும் குன்று ஏறுகிறவர்கள். தூரத்து நகரத்து ஆட்களுக்கு இது வெறும் வேலித் தகராறு.

மனுவில் தொகை எதுவும் எழுதாததால் ஒரு வழி இருக்கிறது என்றார் டுவெய்ன். பாதையின் மதிப்பு எழுபத்தைந்தாயிரத்தைத் தாண்டாது, அதற்கு மேல் கேட்கவும் மாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டால் வழக்கு வீடு திரும்பும்.

ஓர்லீனா நோட்டுப் புத்தகத்தோடு கதவருகே போய் நின்று மதிப்புப் போட்டுப் பார்த்தாள். நிலம், ஏக்கர் விலைப்படி இவ்வளவு. கொட்டிய சரளைக்கல் இவ்வளவு. எல்லாம் சேர்ந்து நாலாயிரத்தைத் தாண்டவில்லை. அடுத்து ஹார்லிஸ் என்று எழுதினாள். பக்கத்தில் எண் விழவில்லை. இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டபோது அவனை மலிவாக விற்றுவிட்டது போல நெஞ்சு உறுத்தியது.

வழக்கு ஊருக்குத் திரும்பியது. மறுவாரமே கம்பெனி வக்கீல் விட்கம்ப் அம்மாள் ஓர்லீனாவைப் பார்க்க டுவெய்னின் அலுவலகத்துக்கு வந்தார். தங்கமான மரியாதை. மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தார்.

"உச்சமே எழுபத்தஞ்சாயிரம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பேரமே வேண்டாம், முழுசா அதையே தர்றோம். பாதைய மட்டும் விட்டுக் குடுத்துடுங்க."

டுவெய்ன் ஓர்லீனாவைத் தனியே அழைத்துப்போய், ஜூரியை நம்ப முடியாது, தோற்றால் பாதையும் இல்லை பணமும் இல்லை என்று எச்சரித்தார். மூன்று வருடம் உழைத்தாலும் அவ்வளவு பணத்தை அவள் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஆசை வரத்தான் செய்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"விலைதாம்மா சொன்னேன். விக்கறேன்னு சொல்லலையே," என்று கடிதத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, விட்கம்பைச் சேர்ந்தவர்கள் யாராவது மண்ணுக்குள் இருக்கிறார்களா என்று விசாரித்தாள். தன் அம்மா, ஒஹாயோவில் கொலம்பஸ் நகரத்தில் என்றார் விட்கம்ப்.

"அங்க இனிமே போகாம இருக்க நீங்க எவ்வளவு வாங்குவீங்க? எனக்குக் கணக்கு வரலை, அதான் கேக்கறேன்."

விட்கம்ப் கடிதத்தை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். ஓர்லீனா பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தாள்.