துட்டிக்குப் போகிற மாதிரி

முதுகில் மாட்டுகிற பையை எங்கள் ஊர் முதன்முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு. பரளச்சிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே முப்பது நாற்பது வீடுகள் இருந்த ஊர். நான் அங்கே வாக்கப்பட்டு வந்து ஐந்து வருஷம் ஆகப்போகிற சமயம் அது. அதில் மூன்று வருஷத்துக்கு மேல் அவர் யுத்தத்தில் இருந்தார். சண்டை ஓய்ந்து அனுப்பிவிட்டார்கள். இடது கால் எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. இரண்டு தோளிலும் வார் மாட்டி, காக்கி நிறக் கித்தான் பை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

ஊருணியில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கொழுந்தியாள் முறை ஒருத்தி சும்மா இருக்க மாட்டாமல், "என்ன மச்சான், சர்க்கார்ல பொதி ஏத்தி அனுப்பிட்டாகளா? கழுதைக்குக் கூட ரெண்டு பக்கமும் சமமாத் தொங்கும்" என்றாள்.

"கழுதைக்குக் கை கிடையாதே. எனக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கு பாரு. உனக்கு இருக்கா?" என்றார் அவர்.

அவள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பையைப் பார்க்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் அந்தப் பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். காட்டிலும் மலையிலும் மாசக்கணக்கில் நடந்த மனுஷர். வார் நாலு விரல் அகலம் இருக்க வேண்டும், ஒல்லியாக இருந்தால் தோளை அறுக்கும் என்பார். தையலை இழுத்து இழுத்துக் காட்டுவார். துணி மாதிரி மெத்தென்று இருப்பது அடியில், கனமானது மேலே முதுகை ஒட்டி, அவசரத்துக்கு வேண்டியது எல்லாவற்றுக்கும் மேலே. கனம் முதுகை விட்டுத் தள்ளி நின்றால் ஆளைப் பின்னால் இழுக்கும். இதெல்லாம் அவருக்கு வேதம்.

"வேணுங்கிறத எல்லாம் மொதல்ல தரையில பரப்பிக்கிரணும். அதுல பாதியத்தான் பைக்குள்ள வைக்கணும். மிச்சப் பாதி வீட்டுலயே கெடக்கணும். ரெண்டு நாள் நடந்தா, உள்ள வச்சதுலயும் பாதி வேண்டாதது தான்னு தெரியும்" என்பார்.

ஊரில் யாராவது தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ வேலை தேடிப் போனால் அந்தப் பையை இரவல் வாங்கிப் போவார்கள். எல்லாம் ஆண்கள். பொம்பளை முதுகில் பை மாட்டுவதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தலை இருந்தது. சும்மாட்டுத் துணியைச் சுருட்டி வைத்து, அதன் மேல் எதை ஏற்றினாலும் நான் கையை விட்டுவிட்டு நடப்பேன். தலைச்சுமையில் என்னை ஜெயித்தவள் அந்தப் பக்கத்தில் கிடையாது. இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் அம்மாவின் ஊர் அருப்புக்கோட்டையைத் தாண்டி, பந்தல்குடி போகிற ரோட்டோரம். வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ போவேன். போகும்போதெல்லாம் என் தகரப் பெட்டி நிறைய எதையாவது கொண்டு போவேன். பச்சைச் சாயம் பூசி மூடியில் பூப் போட்ட பெட்டி. எனக்குச் சீராக அம்மா கொடுத்தது. அது நிறைந்து போவதற்கு ஒரு காரணம் இருந்தது. ஐந்து வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. அவர் இல்லாத வருஷங்களையும் சேர்த்துத்தான் ஊர் எண்ணியது. அம்மா தண்ணீருக்குப் போனால், "உம் மகளுக்கு விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். மாசமாக இருக்கிறாளா என்பதைத்தான் எங்கள் பக்கம் அப்படிக் கேட்பார்கள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நான் பெட்டி நிறையக் கொண்டு போய் இறங்கினால், மகளைப் புகுந்த வீட்டில் நன்றாக வைத்திருக்கிறார்கள் என்றாவது ஊர் பேசும் அல்லவா.

அந்த ஐப்பசியில் எனக்குத் தலைக்குக் குளிக்க வேண்டிய நாள் இரண்டு தடவை தள்ளிப் போயிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை, அவரைப் பெற்ற அத்தையிடமும் சொல்லவில்லை. முதலில் என் அம்மா காதில்தான் போட வேண்டும் என்று வைத்திருந்தேன். இத்தனை வருஷம் எனக்காகப் பேச்சு வாங்கியவள் அவள்தானே.

ஒரு நாள் சாயங்காலம், மாடு பிடிக்கப் போகிற வழியில் அம்மா ஊர்க்காரர் ஒருவர் வந்து வாசலில் நின்றார்.

"ஆத்தாவுக்கு நாலு நாளா முடியல. காய்ச்சலு. கஞ்சி ரெண்டு வாய் எறங்குது, அம்புட்டுத்தான். ஒன்னையப் பாக்கணுங்கிறாக. வெரசா வரச் சொன்னாக" என்றார். தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் உடனே பையை எடுத்து உதறினார். என் சேலை ஒன்று, ரவிக்கை ஒன்று, ஒரு துண்டு, வழிக்கு ஒரு பொட்டலம் அவல். அவ்வளவுதான் உள்ளே வைத்தார். மேலே ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது.

"கோழி கூப்பிடக் கிளம்பிரு. ரெட்டியபட்டிக்கு நடந்துட்டன்னா காலைல பஸ்ஸு இருக்கு. மதியத்துக்குள்ள வீட்டுல இருப்ப. என் காலு சரியா இருந்தா நானே கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்து அந்தப் பையைப் பார்த்தார். அத்தை கெட்டவர் இல்லை. என்னை ஒரு நாளும் மலடி என்று சொல்லாதவர்.

"ஏப்பா, உனக்கு அறிவு இருக்கா? பெத்தவ உசுரோட கெடக்கா. இவ மாத்துச் சேலையும் கையுமாப் போய் நின்னா பாக்குறவுக என்ன நெனப்பாக? துட்டிக்குப் போற மாதிரியில்ல இருக்கு!"

துட்டி என்றால் சாவு வீடு. எங்கள் பக்கம் துட்டிக்குப் போகிறவர்கள்தான் பலகாரம் பண்டம் இல்லாமல், கையை வீசிக்கொண்டு போவார்கள். உயிரோடு இருக்கிறவர்களைப் பார்க்க அப்படிப் போனால், அவர்கள் செத்துப் போனார்கள் என்று நாமே சொல்லிவிட்ட மாதிரி. அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகக் குத்திவிட்டது. நான் கனமில்லாமல் போனால் என் அம்மா பிழைக்க மாட்டாள் என்று எனக்குப் பட்டது. பெட்டி எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அவளுக்கு ஆயுசு என்று என் புத்தி அன்றைக்குக் கணக்குப் போட்டது.

"அம்மா நல்லா இருக்கு. நான் பெட்டியோடதான் போவேன்" என்றேன்.

"அவுக வெரசா வரச் சொல்லியிருக்காக. நீ பலகாரம் சுடப் போறியா?" என்றார் அவர்.

"ஒங்க பட்டாளத்துச் சட்டமெல்லாம் எங்க அம்மா வீட்டுக்கு ஆகாது."

அவர் பையிலிருந்த சேலையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

கோழி கூப்பிட எழுந்து கிளம்ப வேண்டியவள், அப்போது எழுந்து மாவு இடித்தேன். முறுக்குச் சுட்டேன், கருப்பட்டிப் பணியாரம் சுட்டேன். அத்தை குதிரைவாலி அரிசியும் பாசிப்பயறும் மிளகாய் வற்றலும் துணியில் முடிந்து வைத்தார். அம்மாவுக்கென்று வாங்கி வைத்திருந்த அரக்குச் சேலை, ஒரு பித்தளைச் செம்பு, என் சேலை இரண்டு. மூடியை அழுத்தி அதன் மேல் உட்கார்ந்துதான் கொக்கி போட்டேன். வாசலைத் தாண்டும்போது வெயில் கூரையில் விழுந்துவிட்டது.

முதல் நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண் நனைந்தால் காலை விடாது. பத்து எட்டு வைத்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டிக்கொள்ளும். குச்சியால் வழித்து வழித்து நடக்க வேண்டும். தலையில் பெட்டியோடு குனிய முடியாது. இறக்கி வைத்தால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். நடுக்காட்டில் ஆளுக்கு எங்கே போவேன்? ஒரு இடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியை இறக்கிவிட்டேன். களை வெட்டப் போன இரண்டு பெண்கள் வருகிற வரை அதன் பக்கத்திலேயே நின்றேன்.

"யாத்தே, உள்ள என்ன அம்மிக்கல்லா வச்சிருக்க?" என்று ஒருத்தி முனகிக்கொண்டே தூக்கிவிட்டாள்.

ரெட்டியபட்டிக்கு நான் போய்ச் சேரவும் பஸ்ஸு கிளம்பவும் சரியாக இருந்தது. அப்போதெல்லாம் பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டுகிற பஸ்ஸு. ஏற்றத்தில் இருமும், புகையும். உள்ளே மூச்சு விட இடமில்லை, மேலே மூட்டைக்கு மேல் மூட்டை. கண்டக்டர் என்னையும் பெட்டியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஏறுத்தா. ஒத்த ஆளுக்கு எடம் இருக்கு. பெட்டிக்கு இல்ல."

பக்கத்துக் காப்பிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இங்கன வச்சுட்டுப் போத்தா. நாளைக்கு வந்து எடுத்துக்க. உம் பெட்டிய யாரு திங்கப் போறா?" என்றார்.

அவர் நல்ல மனுஷர்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் நான் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெறுங்கையாக அம்மா வாசலில் போய் நிற்கிற என்னை ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். காது இரண்டிலும் அத்தை சொன்ன வார்த்தைதான் கேட்டது.

"என்னத்தா, ஏறுறியா இல்லையா?"

"பெட்டி இல்லாம நான் வரல."

பஸ்ஸு போய்விட்டது. புகை அடங்கி, ரோடு காலியாகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ தப்புகளுக்கு நான் பிறத்தியாரைக் காரணம் சொல்லியிருக்கிறேன். இதற்கு மட்டும் யாரையும் சொல்ல முடியாது. ஏறு என்று சொல்லியும் ஏறாதவள் நான்தான்.

நேரம் போய் ஒரு விறகு வண்டி வந்தது. விறகின் மேல் பெட்டியைக் கட்டி, வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். அருப்புக்கோட்டைக்கு வரும்போது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்து பெட்டியை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு, மிச்ச வழியை எப்படி நடந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அழுகைச் சத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. என் அண்ணன் பெண்சாதி எழுந்து வந்து, ஒரு கை கொடுத்துப் பெட்டியை இறக்கினார். இறக்கும்போதே கனத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இம்புட்டையும் தூக்கிட்டு வந்தியாத்தா?"

"அம்மா எப்படி இருக்கு மதினி?"

"மூச்சு ஓடுது. மதியத்துல இருந்து வாய் அடைச்சுப் போச்சு. கண்ணு தெறந்துதான் இருக்கு, யாரையும் அடையாளம் தெரியல." மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காலைல வரைக்கும் நல்லாப் பேசுனாக. பஸ்ஸு வர்ற நேரமாச்சே, வாராளா பாருன்னு ரோட்டுக்கு ரெண்டு தடவை ஆள் அனுப்பிச்சாக. அப்புறம் என்கிட்ட கேட்டாக, விசேஷம் ஏதும் உண்டுன்னு அவ சொல்லிவிட்டாளான்னு. எனக்கு என்ன தெரியும்? தெரியலையே அத்தைன்னேன்."

நான் உள்ளே ஓடினேன். அம்மா ஓலைப் பாயில் மல்லாந்து கிடந்தாள். கண் மேலே விட்டத்தில் நிலைத்திருந்தது. கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது, ஆனால் என் விரலை அது பிடிக்கவில்லை. சுற்றிலும் உறவுக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர். எனக்கு வெட்கம் எல்லாம் போய்விட்டது. காதோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"அம்மா, விசேஷம்தாம்மா. ரெண்டு மாசம் ஆச்சு. மொதல்ல ஒன்கிட்டதாம்மா சொல்றேன்."

ஒன்றும் இல்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை கத்தினேன். வாசலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். மூச்சு மட்டும் ஒரே மாதிரி போய் வந்துகொண்டிருந்தது.

தலைமாட்டில் இருந்த வயசாளி ஒருத்தி, நல்ல சேதி கேட்ட பழக்கத்தில், குலவை போட வாயைத் திறந்துவிட்டாள். நாக்கு கூடப் புரண்டுவிட்டது. பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். "ஏ, இழுத்துக்கிட்டுக் கெடக்குற எடத்துல என்ன செய்யிற?" கிழவி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு அம்மா அடங்கிவிட்டாள்.

பெட்டியில் இருந்த பலகாரத்தைச் சாவு வீட்டில் யாரும் வாயில் வைக்கவில்லை. மறுநாள் கொல்லைப் பக்கம் கொண்டு போய்க் கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் வண்டி பிடித்துக் காடேற்றத்துக்கு, சுடுகாட்டில் பால் ஊற்றுகிற சடங்குக்கு, வந்தார். ரெட்டியபட்டியில் நடந்ததை நானே அவரிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, சாகிற வரையிலும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, வளர்ந்தது, அதற்கும் பிள்ளைகள் ஆயிற்று. ஆனாலும் எந்த வீட்டு விசேஷத்திலாவது பெண்கள் குலவை போட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அன்றைக்கு அந்தக் கிழவியைக் கிள்ளாமல் விட்டிருக்கலாம். நான் சொன்னது அம்மாவின் காதில் ஏறவில்லை என்றாலும் குலவைச் சத்தம் ஏறியிருக்கும். எதற்குக் குலவை போடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.