உச்சி வீட்டு ரெய்னால்டோ

கோர்தோபா மலையிலுள்ள அந்த ஊருக்குள் வண்டி நுழையக் கூடாது. பாலத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு எல்லோரும் நடந்துதான் வர வேண்டும். உச்சியிலிருக்கும் வீடுகளுக்கு மட்டுமாவது வண்டியை விடலாமே என்று ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. மேஜையை ஓங்கித் தட்டி அதை அடக்கியவர் கூரை வேலைக்காரர் ரெய்னால்டோ. “நடக்க முடியாதவங்க சமவெளிக்கு இறங்கிப் போங்க!” என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

ஜெர்மனியிலிருந்து வந்த அவருடைய அப்பா, வெறும் பாறைச் சரிவில் பைன் மரங்களை நட்டுக் கட்டிய வீடு அவருடையது. ஊரிலேயே உயரத்தில் இருப்பது. இப்போது பாருங்கள், அவர் இடுப்புதான் மக்கர் செய்தது. ஏறவே கூடாது என்றார் டாக்டர். நகரத்திலிருக்கும் மகன், லிஃப்ட் உள்ள வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்துக் காத்திருந்தான். அந்தத் தட்டையான ஊரில் போய்ச் சாவதா என்று ரெய்னால்டோ நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தார். நடக்க முடியவில்லை என்று வாய் திறந்தாலோ ஊரே சிரிக்கும். பாதி வழியில் நின்று மரங்கொத்தியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தே பல மாதங்களை ஓட்டினார். மனுஷருக்கு வீம்பு அப்படி.

ஈஸ்டருக்கு மாவு வாங்கி வந்த அன்று வழிப்பாறையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. பாலத்தடியில் வீட்டோடு டீக்கடை வைத்திருக்கும் டிராவ்டல் அந்தப் பக்கம் வந்தாள்.

“என்ன ரெய்னால்டோ, இன்னைக்கும் மரங்கொத்தியா?”

“ஆமா.”

“பாவம், உங்களைப் பாத்துப் பாத்து அதுக்கே அலுத்திருக்கும்.”

பக்கத்தில் உட்கார்ந்தாள். போகிற வழியாகக் காணோம். ரெய்னால்டோவுக்குக் கண் கலங்கியது.

“முடியலை, டிராவ்டல். என்னால முடியலை.”

“அப்பாடா! இதைக் கேக்கத்தானே உங்க பொண்டாட்டி எல்விராவும் நானும் தவம் கிடக்கோம். என் வீட்டுக்கு நீங்க வாங்க, உங்க வீட்டுக்கு நான் போறேன். பொழுதன்னிக்கும் கார்க் கதவு சத்தம், கழிப்பறை எங்கேன்னு கேக்குற கூட்டம். என் காது செத்துப்போச்சு.”

“எல்விராவுக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா! என் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் அளவெடுத்துத் திரையே தைச்சு முடிச்சாச்சு.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?”

ஊரைவிட்டுப் போக வேண்டாம். அவர் காதில் அது ஒன்றுதான் நின்றது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“மேலேயா, கீழேயா?”

“கீழே. திரை சரியா இருக்குமான்னு பாக்கணும்.”

கடைத்தெரு வழியாக, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நன்றாக நொண்டிக்கொண்டே போனார்.