லிஃப்ட் அத்தையும் கப்பல் காட்டேரியும்

காட்டேரிக் குடும்பங்களுக்குள் யாருக்கு யார் என்ன முறை என்று தகராறு வந்தால், அவர்கள் சவப்பெட்டியிலிருந்து எழுந்து நேராக லிஃப்ட் அத்தையிடம்தான் வந்து நிற்க வேண்டும். அவளை விட்டால் மூன்று உலகத்திலும் தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது.

ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுவது அத்தையின் பிழைப்பு. ஸ்டூலில் உட்கார்ந்து, இரும்புக் கிராதிக் கதவைச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பிவிட்டு, மாடி வருவதற்குள் அரைப் பக்கம் படித்துவிடுவாள். வேலை தேடிப் போன புருஷன் திரும்பாத வருஷம் கையில் எடுத்தது, கோட்டையில் வாழும் காட்டேரியின் காதல் கதை. அது இருபது புத்தகமாக இன்னும் இழுத்துக்கொண்டு போகிறது. நான்காம் மாடி டைப்பிஸ்ட் அக்கா, வேறொரு தொடரில் கடல் கடலாகத் திரியும் கப்பல் காட்டேரியின் கட்சி. தினமும் ஏறும்போது ஒரு சண்டை, இறங்கும்போது ஒரு சண்டை. அத்தையின் அண்ணன் மகள் வாலு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மூலையில் நின்று இருவரையும் ஓட்டுவாள். இத்தனை கடி கடித்தவனுக்குப் பல் ஆடாதா என்பாள். புத்தகம் என்றாலே அவளுக்குக் கொட்டாவி.

அன்று மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கும் போனது. டைப்பிஸ்ட் அக்கா வாலுவைத்தான் முறைத்தாள். லிஃப்ட் நகரும்போது குதித்து ஆளைப் பதறவைப்பது வாலுவின் வழக்கம். அன்றைக்கென்று பார்த்து அவள் ஒரு பாவமும் அறியாதவள், யார் நம்புவார்கள்?

அத்தை கைமணியை அடித்தாள். மெக்கானிக்கைக் கூப்பிட யாரோ ஓடினார்கள். வேறு யாரோ உதவுவதாக நினைத்து நான்காம் மாடிக் கதவைத் திறந்துவிட்டார்கள். தலைக்கு மேலே ஒரு முழ இடைவெளியில் வெளிச்சம் தெரிந்ததும் டைப்பிஸ்ட் அக்கா கிராதியை இழுத்துத் தள்ளிவிட்டு ஏறப் பார்த்தாள். மூச்சு இரைத்தது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக்கூடாது என்பது விதி. இந்தக் கிழட்டு லிஃப்ட் எந்த விதியை மதித்தது? பாதி உடம்பு வெளியே இருக்கும்போது கரண்டு வந்தால்?

அத்தை அவளைத் தொடவில்லை. வம்புக்கு இழுத்தாள்.

"உன் கப்பல்காரன் இங்க இருந்தா, உன்னை விட்டுட்டு அவன்தான் முதல்ல ஏறிப் போயிருப்பான்."

டைப்பிஸ்ட் அக்கா திரும்பினாள். கோட்டைக்காரன் ஒன்பது புத்தகம்வரை தான் யார் என்பதையே மறைத்தவன், அவனுக்கெல்லாம் என்ன காதல் என்றாள். மறைத்தாலும் முந்நூறு வருஷம் காதலிக்காக ஒரே ஜன்னலடியில் காத்திருந்தானே என்றாள் அத்தை. கப்பல்காரன் முதல் பக்கத்திலேயே உண்மையைச் சொன்னவனாம். சொல்லி என்ன பிரயோசனம், துறைமுகத்துக்குத் துறைமுகம் காதலியை இறக்கிவிட்டு ஓடுகிறானே? பசியில் அவளையே கடித்துவிடுவோமோ என்ற பயத்தில் போகிறான், அது ஓட்டமில்லை என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. கோபம் ஏற ஏற அவளுக்கு மூச்சு சீரானது.

அப்போது லிஃப்ட் கிறீச்சிட்டு ஒரு விரல் அளவு சரிந்தது. அவ்வளவுதான், அவள் தாவி மேல்தரையில் முழங்கைகளை ஊன்றினாள். அத்தை காலைப் பிடித்துக்கொண்டாள்.

வாலு வாயைத் திறந்தாள். "அக்கா, கடைசிப் புத்தகத்துல கப்பல்காரன் அவளை விட்டுட்டுப் போகல."

இழுத்த கால் நின்றது. "நான் இன்னும் அதைப் படிக்கலடி."

"எறங்கி வாங்க, சொல்றேன்."

கால் மெல்லக் கீழே வந்தது. வாலு நிறுத்தாமல் சொன்னாள். மூன்றாம் புத்தகத்துக் கலங்கரை விளக்கக்காரனிடமே கப்பலை ஒப்படைத்துவிட்டு, அவன் கரையிறங்கி வருகிறான். பசிக்கும் இரவுகளில் தன் அறையை வெளியிலிருந்து பூட்டச் சொல்கிறான். அவள் பூட்டிவிட்டுக் கதவருகிலேயே படுத்துக்கொள்கிறாள். அத்தை சத்தமில்லாமல் காலால் கிராதியைத் தள்ளிச் சாத்தினாள். மேலே மெக்கானிக் கையால் சக்கரத்தைச் சுற்ற, லிஃப்ட் அங்குலம் அங்குலமாக ஏறி நான்காம் மாடியில் நின்றது.

டைப்பிஸ்ட் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள். முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டாளே என்று ஒரு திட்டும் திட்டிவிட்டுப் போனாள்.

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசிப் புத்தகத்தை நேத்துதான் முடிச்சேன். அவன் விட்டுட்டுத்தான் போறான். நீ சொன்னதுல ஒரு வரிகூட அதுல இல்ல."

சும்மா அடித்துவிட்டேன் என்று வாலு சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அடிச்சுவிடவும் கலங்கரை விளக்கக்காரனைத் தெரிஞ்சிருக்கணும்ல? என் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கிற அத்தனை கப்பல் புத்தகத்தையும் எப்போடி படிச்சே?"