சம்பந்தி வீட்டில் பச்சைத் தண்ணீர்

சுற்றுலா கூட்டிப்போகிற தொழிலில் ஊரைப் பார்ப்பவர்கள் பயணிகள். எங்களுக்குப் பார்க்கக் கிடைப்பது பயணிகள் மட்டும்தான். மலேசியாவில், ஈப்போவில் ஆள் சேர்த்து அவ்வப்போது ஐரோப்பா போய் வருகிறேன். நாலு உறவுக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு பினாங்கு போய் வந்தவர்களுக்குக்கூட என் பாடு புரியும். ஒருவருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், ஒருவருக்குச் சுடுதண்ணீர் வேண்டும், ஒருவரைக் காணவே காணோம். இதெல்லாம் பழகிவிட்டது. போன புரட்டாசியில் இத்தாலியின் தென்கரையில், ஒரு சின்ன மீன்பிடி ஊரில் பட்டது மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அரிசி மூட்டை

சரோஜா அக்காவும் முனியாண்டி அண்ணனும் சுங்கை சிப்புட்காரர்கள். அக்கா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஒரே மகன் தினேஷ். லூமுட்டில் கப்பல் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, கப்பலேறி, கடைசியில் அந்த இத்தாலி ஊரில் படகு இஞ்சின் பழுது பார்ப்பவனாகத் தங்கிவிட்டான். அங்கேயே ஜூலியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். சனிக்கிழமை நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்து. அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. அக்காவோ மகனைப் பார்க்க வருவதாகச் சொன்னாரே தவிர, கல்யாணத்துக்கு வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. புரட்டாசியில் எவனாவது கல்யாணம் வைப்பானா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

விமான நிலையத்தில் அக்காவின் பெட்டி எடை கூடிப்போனது. திறந்து பார்த்தால் ரைஸ் குக்கர், அரிசி, புளி, ரசப்பொடி, அப்பளம். மகன் இருக்கிற ஊர், பெண்ணின் அப்பா விருந்து வைக்கப் போகிறார், இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். அக்கா இரண்டு சேலையை உருவி, வழியனுப்ப வந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, அரிசியை மறுபடி உள்ளே வைத்து அமுக்கினார். "சேலை இல்லாட்டி பரவால தங்கச்சி. அங்க அவங்க வீட்ல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

இதற்கா இவ்வளவு தூரம்

ரோம், வெனிஸ் எல்லாம் முடிந்து மற்றவர்கள் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்கள். பாஷை தெரியாதவர்கள், நீங்கள் கூட இருங்கள் அக்கா என்று தினேஷ் என்னிடம் கேட்டுக்கொண்டதால் நான் மட்டும் இவர்களோடு அந்த ஊருக்குப் போனேன். எனக்கும் பெரிய இத்தாலியம் ஒன்றும் தெரியாது. சந்தையில் பேரம் பேசி, வழி கேட்டு, வயிற்றுவலி என்று மருந்துக்கடையில் சொல்லும் அளவுக்குத் தெரியும்.

ஊர் என்றால் ஒரு வளைந்த கரை, அதில் நீலமும் வெள்ளையும் அடித்த சின்னப் படகுகள், அதற்கு மேலே மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். மத்தியானம் ஆனால் கடை கண்ணி, ஜன்னல் எல்லாம் சாத்திவிடுகிறார்கள். தெருவில் பூனைகள்தான் நடமாடும். அழகான ஊர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணன் படகுத்துறையில் நின்று, ஒருவர் வலையின் கிழிசலைத் தைப்பதை வெகுநேரம் பார்த்தார். மகன் எதைத் தேடி இங்கே வந்தான் என்று அந்த வலைக்குள் பார்ப்பவர் போல நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "லூமுட்லயும் இதேதான் செய்றாங்க லா. இதுக்கா எம்மவன் இவ்ளோ தூரம் வந்தான்?"

உப்பில் சுட்ட மீன்

ஜூலியாவின் அப்பா பெயர் தோரே. மீனவர், மனைவியை இழந்தவர், வீட்டில் சமையல் அவர்தான். முதல் நாள் சாயங்காலம் வாசலில் மேஜை போட்டு, ஒரு கை நீள மீனை உப்புக்குள் புதைத்துச் சுட்டு, எங்கள் கண் முன்னாலேயே அந்த உப்பை உடைத்துத் திறந்தார். வாசனை எழும்பியது. அண்ணன் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. ஜூலியா "வாங்கம்மா, சாப்பிடுங்கம்மா" என்று தினேஷ் சொல்லிக்கொடுத்த தமிழில் கெஞ்சினாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, புரட்டாசி, கவிச்சி ஆகாது என்றார். அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். சரி, தண்ணீராவது குடிக்கட்டும் என்று தோரே ஊற்றி வைத்தார். அதையும் தொடவில்லை.

புரட்டாசி என்பது வாய்க்குக் கிடைத்த சாக்கு. நம் வீடுகளில் சம்பந்தம் பேசி முடிகிறவரை ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. எந்தப் பக்கம் சாப்பிட்டுவிட்டாலும் சம்மதம், பேச்சு முடிந்தது. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தினேஷுக்கும் தெரியும். அந்த மேஜையில் தெரியாதவர்கள் சமைத்தவரும் அவர் மகளும்தான். விஷயத்தைத் தோரேயிடம் பக்குவமாகச் சொல்லிவிடட்டுமா என்று தினேஷைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். "வேணாங்க்கா. சமையல் சரியில்லன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. அப்படியே நெனச்சிக்கிட்டு போட்டும்."

கத்திரிக்காய்

தோரே விடுகிற ஆளாக இல்லை. மறுநாள் மீன் இல்லை, முட்டை இல்லை. கத்திரிக்காய் வதக்கியது, அவரைப்பருப்பு, தக்காளி, ரொட்டி. எல்லாமே சைவம் என்று என்னை வைத்து மூன்று தடவை சொல்லவைத்தார். அக்காவுக்குத் தலைவலி வந்துவிட்டது. அண்ணன் கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். பாவம், கல்யாணமான நாளிலிருந்து அவர் தனியாக ஒரு முடிவும் எடுத்ததில்லை.

திரும்பி நடக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. பயணிகளிடம் கோபப்படக் கூடாது என்பது தொழில் தர்மம், ஆனால் அந்த மனிதர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற கோலம் கண்ணிலேயே இருந்தது. அந்தப் பெண்ணிடம் என்ன குறை என்று கேட்டுவிட்டேன். வெள்ளைக்காரி என்பதாலா, கோயில் வேறு என்பதாலா? அக்கா கடலைப் பார்த்தபடி நின்றார். குரல் ரொம்பத் தணிந்துவிட்டது. "அந்தப் புள்ள தங்கமான புள்ளதான். ஆனா நான் ஒரு வாய் சாப்பிட்டா, எம்மவன இங்கயே விட்டுட்டு வாரேன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும்ல."

அதற்குப் பிறகு கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

மத்தியானம் வந்தவர்

வெள்ளிக்கிழமை. மறுநாள் கையெழுத்து. நாங்கள் தங்கியிருந்த அறையின் சின்ன அடுப்பில் அக்கா சோறு வடித்து, ரசம் வைத்து, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் இறக்கிவிட்டார். அப்பளம் பொரிகிற நேரத்தில் கதவைத் தட்டியது தோரே. கையில் ஒரு பெட்டி தக்காளி. தினேஷின் அம்மாவுக்கு என்ன சமைத்தால் ஒரு வாயாவது இறங்கும் என்று என்னிடம் கேட்டுப் போக வந்திருந்தார். நான் அதை மொழிபெயர்ப்பதற்குள் அக்கா தட்டை எடுத்துவிட்டார். ரப்பர் தோட்டத்து லய வீட்டு வரிசையில் வளர்ந்தவர், இன்றைக்கும் கேண்டீனில் ஊருக்கே பரிமாறுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் ஆள் நின்றால் அவர் கை யோசிக்காது. "உக்காரச் சொல்லு தங்கச்சி, சோறு ஆறிரும்" என்றார்.

முள்கரண்டி இல்லை. அண்ணன் குழாயைக் காட்ட, தோரே கை கழுவிவிட்டு வந்து, அண்ணனைப் பார்த்துப் பார்த்துப் பிசைந்தார். முதல் கவளத்தை அவர் தூக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். ரசம் அவரைப் புரையேற வைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அக்கா அப்பளத்தை நகர்த்தி வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையை விரிக்க விரிக்க இன்னொரு கரண்டி போட்டார். மனைவி போனபிறகு, பக்கத்தில் நின்று அதட்டித் தனக்குச் சோறு போட ஆளில்லை என்று தோரே சொன்னார். அதை மட்டும் மொழிபெயர்த்தேன். அக்காவின் முகம் இளகியது. அப்போதுதான் அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், மெதுவாகச் சொன்னார். "சரோஜா, சம்பந்தி நம்ம வீட்ல கை நனைச்சிட்டாரு."

தெரிந்தவர்களின் கணக்கு

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு தோரேயின் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். அன்று பொழுது சாய்ந்ததும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, போலாம் என்றார். கூப்பிடாமலேயே வந்து நின்றவரைப் பார்த்து தோரேக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் இருந்தது ரொட்டியும், வேகவைத்த கொண்டைக்கடலையும்தான். அக்கா முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு ரொட்டியைப் பிய்த்து ஒரு வாய், இன்னொரு வாய். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் இதற்காகவே பிறந்தவர் போலச் சாப்பிட்டார். தினேஷ் எழுந்து போய்க் கடலைப் பார்த்து நின்றுகொண்டான். தோள் குலுங்கியதை நானும் பார்த்தேன், ஜூலியாவும் பார்த்தாள். அவள் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

கை கழுவும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா, தோரே பசிக்குச் சாப்பிட்டார், இந்த வழக்கம் ஒன்றும் அவருக்குத் தெரியாதே, நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமலே இருந்திருக்கலாமே என்றேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் ஏதோ விவரம் கெட்டதனமாகக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தார். "அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல தங்கச்சி."

பேசத் தெரிந்தவள் என்றுதான் என்னைக் கூட்டிப்போகிறார்கள். அந்த ஊரில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த மத்தியானம் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.