சாத்தோ என்ன கூட்டம்?

ஜப்பானில் சாத்தோ என்ற குடும்பப் பெயர் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே பாட்டனின் வாரிசுகள் என்று நான் நம்பினேன். குடித்துவிட்டு நம்பியிருந்தாலாவது ஒரு சாக்கு இருக்கும். பட்டப்பகலில், அமீரகத்து அல் ஐன் நகரின் சனையா என்னும் தொழிற்பேட்டையில், என் மோட்டார் பம்புக் கடைக்குள் உட்கார்ந்து, முழு நிதானத்தில் நம்பினேன். அந்த நம்பிக்கையின் பலனாக, என் மகள் கட்டிக்கொள்ள நினைத்த பையனின் அப்பாவும் அம்மாவும் அண்ணன் தங்கை முறை என்று முடிவுகட்டி, நல்ல தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டேன்.

இந்த மகா அறிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் எங்கள் ஆட்களுக்குக் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள். கோபியில் ஒருவன், பொள்ளாச்சியில் ஒருத்தி, இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, பத்துத் தலைமுறைக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாலும், கூட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்துவிட்டால் அண்ணன் தங்கை. கல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெண் பார்க்கும்போது பையன் யோக்கியனா, வேலைக்குப் போகிறானா, குடிக்கிறானா என்பதெல்லாம் காபிக்குப் பிறகுதான். காபிக்கு முந்தைய கேள்வி, ‘என்ன கூட்டமுங்க?’ இந்தப் பொக்கிஷத்தை நான் விமானத்தில் ஏற்றி வளைகுடாவுக்குக் கொண்டுவந்து, இத்தனை வருடம் ஏசி போட்டுக் கெடாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். பாஸ்போர்ட்டைக்கூட இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

மகள் அபுதாபியில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். பையன் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் பொறியாளர். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். நான் முற்போக்காளன் வேஷத்தைத் தயாராக வைத்திருந்தேன், உடனே மாட்டிக்கொண்டேன். “ஜப்பானா? இருக்கட்டுமே” என்றேன். ஜப்பான் சரக்கு காலத்துக்கும் உழைக்கும் என்று வாடிக்கையாளர்களிடம் ஓயாமல் சொல்லிப் பிழைப்பவன் வீட்டில் மட்டும் மாற்றிப் பேச முடியாதல்லவா?

என் மனைவியும் அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஏனுங்க, பையன் எந்த நாடா இருந்தாலும் போச்சாது. ஆனா என்ற அண்ணன் வந்து தாய்மாமனா நின்னு மாலை எடுத்துக் குடுக்கோணும். அவரு வரலீன்னா இந்தக் கல்யாணமே வேண்டாங்க.”

ஆக, என் மகளின் கல்யாணம் முழுக்க என் மச்சானின் கையில் போய்ச் சேர்ந்தது. மச்சான் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வியாபாரம் செய்கிறவர். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

“மாப்ளே, ஜப்பானுங்களா?”

“ஆமாங்க மச்சான்.”

“செரி. பையன் என்ன கூட்டமுங்க?”

இந்த இடத்தில் மூளை உள்ள மனிதன் சிரித்திருப்பான். நான், “சாத்தோங்க மச்சான்” என்றேன், ஏதோ காங்கேயம் பக்கத்துக் கூட்டத்தின் பெயரைச் சொல்வதைப்போல.

“ஓஹோ. அவங்கம்மா பொறந்த கூட்டம் எதுங்க?”

“விசாரிச்சுச் சொல்றனுங்க” என்று வாக்குக் கொடுத்தேன். அன்றிரவே மகளைக் கேட்டேன். அவள் பையனைக் கேட்டு, சிரித்துக்கொண்டே திரும்பப் போன் செய்தாள்.

“அவங்களும் சாத்தோதான்ப்பா. மேரேஜுக்கு அப்புறம் நேம் சேஞ்ச் பண்ற வேலையே இல்லாமப் போச்சாம். ஸோ ஃபன்னி, இல்ல?”

எனக்கு ஒன்றும் ஃபன்னியாக இல்லை. சாத்தோ சாத்தோவைக் கட்டியிருக்கிறான்! பங்காளிக்குள் கல்யாணம்! அந்த வயிற்றில் பிறந்தவன் எனக்கு மருமகன்! மச்சானுக்கு இது தெரிந்தால் மாலையை எடுத்துக் கொடுப்பாரா? அவர் வராவிட்டால் என் மனைவி சம்மதிப்பாளா? அவள் சம்மதிக்காவிட்டால் என் மகள் என்னைத்தான் சும்மா விடுவாளா?

அடுத்து வந்த நாட்களில் நான் கடையில் செய்த வியாபாரத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பேரீச்சந்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு கேட்டு வந்தவரிடம் நீச்சல்குளத்துப் பம்பைக் கட்டிக் கொடுத்தேன். அவர் மறுநாள் வந்து, “க்யா பாய், மேரா கஜூர் தைரேகா க்யா?” என்று, என் பேரீச்சை நீந்தப்போகிறதா என்று கேட்டார். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். ஜப்பானில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர்களில் முதன்மையானது சாத்தோதான் என்று போட்டிருந்தது. இதைப் படித்த பிறகாவது புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. ‘அடேயப்பா, எவ்வளவு பெரிய பங்காளிக் கூட்டம்!’ என்றுதான் நினைத்தேன்.

பக்கத்துக் கடையில் ஹோஸ் பைப் விற்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் யோசனை கேட்டது அடுத்த முட்டாள்தனம். அவர் வாட்சப்பில் பட்டம் பெற்றவர்.

“சாத்தோவா? யோவ், நம்ம சாஸ்தாதான்வே அது! நம்மாளுக கப்பல்ல போயி இறங்கி, அங்கயே குடியிருந்துட்டானுவ. ஜப்பான்காரன் பூராவும் தமிழன்தான். வீடியோ இருக்கு, அனுப்பட்டா?”

“அனுப்பாதீங்க அண்ணாச்சி.”

அனுப்பினார். பார்த்தேன். பின்னணியில் முரசு கொட்ட, ஒரு குரல் உலகத்தில் பாதியை நம் பேரில் பட்டா போட்டுக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது இது: எங்கள் கூட்டத்தின் பெயரும் ‘சா’வில்தான் தொடங்கும். சாத்தோ தமிழன் என்றால், ஒருவேளை அவனும் நாங்களும்... பையன் என் மகளுக்கே அண்ணன் முறையாகிவிடுவானோ? கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் ஒரு புட்டித் தண்ணீர் குடித்தேன்.

மச்சானிடம் பொய் சொல்லிவிடலாமா என்றும் பார்த்தேன். பையனின் அம்மாவுக்கு வேறொரு ஜப்பானியக் கூட்டத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கஷ்டம் என்னவென்றால், எனக்குத் தெரிந்த ஜப்பானியப் பெயர்களெல்லாம் மோட்டார் சைக்கிள் கம்பெனிகளின் பெயர்கள். சம்பந்தியம்மாள் பைக் கூட்டம் என்று சொன்னால் மச்சான் என்ன நினைப்பார்?

இதற்குள் பையனின் பெற்றோர் எங்களைப் பார்க்க ஜப்பானிலிருந்து வந்துவிட்டார்கள். அல் ஐன் வீட்டில் மதிய விருந்து. அப்பா சாத்தோ, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், ஒல்லியான ஆள். அம்மா சாத்தோ சிரித்த முகம். நான் இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து மூக்கு ஒன்றுபோல இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தேன். ஒன்றுபோலத்தான் இருந்தது. அண்ணாச்சியின் மூக்கும்கூட அப்படித்தான் இருக்கும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ரசம் வரும்வரை பொறுத்தேன். பிறகு பையனிடம் ஆங்கிலத்தில் கேட்டேவிட்டேன். உன் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கல்யாணத்துக்கு முன்பே ஒரே பெயராமே, அவர்கள் சொந்தமா?

மகள் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். பையன் ஜப்பானிய மொழியில் கேட்டான். வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சொன்னதைப் பையன் ஒவ்வொன்றாக எங்களுக்குச் சொன்னான். அவர்கள் இருக்கும் வடபகுதியில் வகுப்பில் ‘சாத்தோ’ என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்குமாம். அவருடைய முன்னோர் குடியானவர்கள். குடும்பப் பெயரெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ளும் அந்தஸ்து அவர்களுக்குக் கிடையாது. பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் எல்லோரும் ஒரு குடும்பப் பெயர் பதிந்தே ஆகவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது, ஊரில் பெரிய மனிதர் சாத்தோ என்பதால் இவர்களும் சாத்தோ ஆகிவிட்டார்கள். அந்தப் பெயரில் ஒரு பூங்கொடியின் எழுத்து இருக்கிறதாம். பழைய பிரபு வம்சம் ஒன்றின் அடையாளம் என்பார்களாம்.

“அந்தப் பிரபுவுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அவர் சாப்பிட்ட அரிசியை நாங்கள் விளைவித்திருக்கலாம்” என்றார் வாத்தியார்.

அதோடும் முடியவில்லை. அவருடைய தாத்தா பிறப்பால் சாத்தோவே இல்லையாம். ஆண்பிள்ளை இல்லாத சாத்தோ வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, அவர்கள் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர். அங்கே அது சாதாரண வழக்கமாம். அம்மா சாத்தோவின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். அங்கே பெயர் பதிந்த கதை வேறு. இரண்டு குடும்பமும் கல்யாணத் தரகர் சொல்லித்தான் ஒருவரையொருவர் அறிந்தன.

பையன் எப்போதோ விளையாட்டாக எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்திருந்தான். அதைப் போனில் காட்டினான். மகள் எனக்கு விளக்கினாள். அந்தத் தீவுகளில் ஆதியில் வேட்டையாடி வாழ்ந்தவர்களின் ரத்தம் கொஞ்சம். பிறகு பெருநிலத்திலிருந்து நெல்லோடு வந்தவர்களின் ரத்தம் அதிகம். ஜப்பானில் எந்தப் பெயர்க்காரனைச் சோதித்தாலும் ஏறக்குறைய இந்தக் கலவைதான்.

“சரிம்மா, இதுல சாத்தோ ரத்தம் எவ்வளவு?” என்றேன்.

“அப்பா, ப்ளீஸ். பேரு ரத்தத்துல ஓடாது. பேரு ஃபார்ம்ல எழுதறது. லேப்ல போய் இப்படிக் கேட்டீங்கன்னா என் வேலை போயிடும்.”

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இரண்டாம் முறை சோறு கேட்டேன். அப்போதுதான் அம்மா சாத்தோ, மரியாதையாகத் தலையைச் சாய்த்து, எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டார்.

என் மனைவிக்கு ஒறம்பரை, அதாவது வந்த விருந்தாளிகள் முன்னால் ஆங்கிலம் பேச வெகு ஆசை. பெருமையாக என்னைக் கைகாட்டினாள்.

“மை ஓன் ஃபாதர் சிஸ்டர் சன்! சேம் ஃபேமிலி!”

ஆமாம். நான் கட்டியது என் சொந்த மாமன் மகளை. என் அம்மாவும் மச்சானின் அப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மாமன் மகள் வேறு கூட்டம் என்பதால் அதில் ஒரு தோஷமும் கிடையாது, சொல்லப்போனால் உரிமை. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்த இரண்டு அந்நியர்களை அண்ணன் தங்கை என்று பயந்து நடுங்கியவன், தன் அம்மாவின் அண்ணன் மகளோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, அதை ஒரு நிமிடம்கூட இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த மேஜையில் நெருங்கிய ரத்தம் என்று சொல்லத்தக்க ஒரே தம்பதி நாங்கள்தான். எச்சிலைத் துப்ப வேண்டியவன் நான்.

பையன் மொழிபெயர்த்தான். அம்மா சாத்தோவின் கரண்டி பாதி வழியில் நின்றது. கணவரிடம் என்னவோ கேட்டார். அவர் என்னவோ சொன்னார். அம்மா இல்லை என்பதுபோலக் கையை ஆட்டினார். பேச்சு நீண்டது. போச்சு, இப்போது அவர்கள் வேண்டாம் என்று எழுந்து போகப்போகிறார்கள், மகளின் கல்யாணத்தை என் கல்யாணமே கெடுத்துவிட்டது.

“வேற வேற கூட்டம்! டிஃபரண்ட் கூட்டம்!” என்று நான் பையனைப் பார்த்துக் கத்தினேன்.

“அப்பா, வாயை மூடுங்க” என்றாள் மகள்.

பையன் சங்கடத்தோடு சொன்னான். தன் அம்மாவைப் பெற்றவர்களும் அப்படித்தானாம். தாத்தா தன் அத்தையின் மகளைக் கட்டியவர். கல்யாணத்துக்கு முன்பு இருவருக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் என்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. இவ்வளவு நேரம் நடந்த வாதம், அது மூத்த அத்தையா இளைய அத்தையா என்பது பற்றி.

அம்மா சாத்தோ எழுந்து வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் மச்சானுக்குப் போன் செய்தேன். சட்டம், பிரபு, பூங்கொடி, வீட்டோடு வந்த மாப்பிள்ளை, வேட்டைக்காரர்கள், நெல் என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஒரே பெயராக இருந்தாலும் பங்காளி இல்லை என்று சத்தியம் செய்தேன். கடைசியில் மூச்சு வாங்கி நிறுத்தினேன்.

“மச்சான், கேட்டீங்களா?”

“கேட்டனுங்க. எதுக்கு மாப்ளே இதெல்லாம் எனக்குச் சொல்றீங்க?”

“நீங்கதானுங்களே என்ன கூட்டம்னு கேட்டீங்க!”

“அட, கல்யாணம்னா அதைத்தானுங்க கேப்போம்? வேற என்னத்தைக் கேக்கறது, ஜப்பான்ல மழை உண்டான்னா? அதை உடுங்க. விசிட் விசாவுக்கு போட்டோ எந்த அளவுல வேணுமுங்க?”

கல்யாணத்தை அபுதாபியில் பதிவு செய்தோம். மாலை மாற்றியது அல் ஐனில், எங்கள் வீட்டு ஹாலில். மச்சான் வந்திருந்தார், மாலையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.